குளிர் மேல் போட்ட பழி

மார்கழி ஏழு.
கன்னடியன் கால்வாய் மேல் பனி படுத்திருந்தது.
வரப்போரம் விட்ட வண்டியின் இருக்கையில்
சாக்கை உதறிப் போட்டு ஏறினேன்.
எஞ்சின் ஒரே திருகில் பிடித்தது.
லிவரைத் தூக்கினேன்.
ரோட்டவேட்டர் எழவில்லை.

கூலி பாக்கிக்காகச் சேற்றில்
படுத்துக்கொண்ட ஆள் மாதிரி கிடந்தது.
இருக்கைக்குக் கீழே பம்பு மட்டும்
ஙொய்யென்று அழுதது.
ஒரு விரற்கடை உயர்ந்து, யோசித்து,
திரும்ப இறங்கிற்று.

'குளிருதுல்லாக்கா, எண்ணெய் இறுகிட்டு'
என்றேன் ஆவுடைத்தங்கத்திடம்.
வண்டி அவளுடையது, தவணையும்.
மூன்று நாளாக இதையேதான் சொல்கிறேன்.
மூன்று நாளும் பத்து மணி வெயிலுக்கு
லிஃப்ட் மெல்ல மனசு மாறி ஏறியதால்
என் பேச்சு நின்றது.

இன்று அவள் கையில் நோட்டு.
வெள்ளாங்குளியில் இரண்டரை ஏக்கர் காத்திருக்கிறது,
நாற்றுக்கு முப்பத்தொரு நாள்.
'பத்து மணி வரைக்கும் குளிர் காயவா
வண்டி வாங்குனேன்?'

சேரன்மகாதேவியிலிருந்து மொபெட்டில் வந்தார்
மைதீன் பிச்சை.
காதுக்கு மப்ளர், கைக்கு ஒன்றுமில்லை.
'குளிரா வே?
இருபத்தோரு டிகிரிக்கு எண்ணெய் இறுகும்னா
காஷ்மீர்ல ஒருத்தனும் உழ மாட்டான்.'
அளவுக்குச்சியை உருவி
கிழக்கே பிடித்துப் பார்த்தார்.
தேன் நிறத்தில் இருக்க வேண்டியது
சீம்பால் நிறத்தில் இருந்தது.
'தண்ணி குடிச்சிருக்கு.'

அடிப் போல்ட்டை இளக்கியதும்
முதலில் வந்தது எண்ணெயே இல்லை.
கால்வாய்த் தண்ணீர், ஒரு செம்பு இருக்கும்.
அது வடிந்து முடிந்த பிறகுதான்
வெளுத்த கூழ், கொழகொழவென்று,
பழைய பெயிண்ட் வாளியில் இறங்கியது.
ஃபில்டர் முழுக்கச் சகதி.
'உறிஞ்சி உறிஞ்சிப் பாத்துருக்கு பாவம்.
எண்ணெய் கிடைக்காமக் காத்தைக் குடிச்சிருக்கு.
அழாம என்ன செய்யும்?'

அடுத்து அவர் கை போகும் இடம்
எனக்குத் தெரியும்.
பின்னால், காற்றுத்துளை.
அதன் மூடி ஐப்பசியில் எங்கோ விழுந்துவிட்டது.
நாற்பது ரூபாய்ச் சாமான்.
காசு கேட்டால் எப்படி விழுந்தது என்பாள்.
பாலம் சுற்றிப் போகச் சோம்பி
அச்சு முங்கக் கால்வாயில் இறக்கினேன்
என்று சொல்லவேண்டி வரும்.
அதற்குப் பயந்து
என் சாரத்தில் நாலு விரல் கிழித்து அடைத்திருந்தேன்.

இரண்டு விரலால் உருவினார்,
ஊறிக் கனத்த துணியை.
நான் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்தார்.
அதே கட்டம்.
ஒன்றும் சொல்லாமல்
மட்கார்டு மேல் விரித்துப் போட்டார்,
காயட்டும் என்பது போல.

புது ஃபில்டர். சீல் உடைக்காத டப்பா எண்ணெய்.
'பேரல்ல மொண்டு தாரது வேண்டாம் வே.
காலையில பத்து நிமிஷம் சும்மா ஓடட்டும்.
சுமை கொடுக்குமுன்ன
நாலுவாட்டி லிவரை ஏத்தி இறக்கு.
ராத்திரி தூக்கி நிறுத்திட்டுப் போகாத,
தரையில வச்சிட்டுப் போ.
நீ தூங்கயில அதும் தூங்கட்டும்.'

லிவரைத் தூக்கினேன்.
சேற்றை உதறிக்கொண்டு எழுந்தது ரோட்டவேட்டர்.
பக்கத்தில் நின்ற கொக்கு
இரண்டு தப்படி தள்ளி நின்றுகொண்டது.

'தண்ணி எப்படிண்ணே உள்ள போச்சு?'
ஆவுடைத்தங்கம் அவரைத்தான் கேட்டாள்.
மைதீன் பிச்சை அந்தத் துணியை எடுத்துக்
கை துடைத்தார்.
ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல்.

நான் வாயைத் திறந்தேன்.
முதலில் வந்தது மழையைப் பற்றிய பேச்சு.
அது வடிந்து முடிந்த பிறகுதான்
பாலம், கால்வாய், மூடி, சாரம்.

நோட்டைப் பிரித்தாள்.
மூடி, நாற்பது. அதற்கு நேரே என் பெயர்.
பேனா முதலில் எழுதவில்லை,
இரண்டு தரம் உதறினாள்.
குளிர் என்று
நான் சொல்லவில்லை.